முகம் தெரியும் கைப்பிடி

வீட்டு அலமாரிக்குக் கைப்பிடி வாங்க வருகிறவர்கள் முதலில் கண்ணால் பார்ப்பார்கள். பிறகு அட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பார்கள். கையால் பிடித்துப் பார்ப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான். கைப்பிடியைக் கடைசியாகத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள் என்பதில் கைப்பிடியக்காவுக்குப் பல வருஷமாகத் தீராத எரிச்சல்.

அந்தப் பெயர் கடையில் வைத்தது. கீல், தாழ்ப்பாள், பிளைவுட், பசை என்று மூன்று மாடிக்கு விரிந்த கடை அது. இரண்டாவது மாடியின் கோடியில் கைப்பிடிக்கும் குமிழுக்கும் என்றே ஒரு சுவர் இருந்தது. சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கத் திருகி வைத்த மாதிரிகள். அந்தச் சுவருக்கு அவள் வைத்ததுதான் சட்டம். முதலாளிகூட அங்கே வந்தால் குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் பேசுவார்.

அவளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பொருந்தாததை யார் தலையிலும் கட்ட மாட்டாள். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா? அப்போ இந்தக் கூர்முனை வேணாம், சரியா நெத்திக்கு நேரா வரும்" என்பாள். "இது முனை வெளிய நீட்டிட்டு இருக்கும், போறப்ப வர்றப்ப சட்டைப் பையைப் பிடிச்சு இழுக்கும்" என்பாள். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற கைப்பிடிகளை யாராவது சமையலறைக்குக் கேட்டால் அவளே தடுத்துவிடுவாள். ஒரு விரல் பட்டால் போதும், அச்சு அப்படியே விழும். ஈரக்கை பட்டால் சொட்டுச் சொட்டாய்க் கறை. சமையலறைக்கு மங்கலாகத் தேய்த்த எஃகுதான் சரி, யார் தொட்டாலும் காட்டிக் கொடுக்காது. "நீ விக்கறதுக்கு இருக்கியா, விரட்டறதுக்கு இருக்கியா?" என்று முதலாளி கேட்பார். கேட்பாரே ஒழிய, அவள் சொன்னதைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் அடுத்த வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதால் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை, தெரிந்தே, மனசாரப் பொருந்தாததை விற்றாள். அதை விற்றபோது அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு முற்பகல். படியேறி வந்தது முதலில் குரல்தான். "இந்தப் படிக்கட்டுக் கம்பியைத் துடைச்சு எத்தனை நாளாச்சு?" யாரையும் குறிப்பாகக் கேட்காமல், எல்லோரையும் குற்றவாளியாக்கும் அந்தக் குரலைக் கேட்டதும் கைப்பிடியக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. விரலம்மா.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் கைப்பிடியக்கா ஒரு பெரிய தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே சூப்பர்வைசர் இந்த அம்மாள். அறையைத் துடைத்து முடித்துவிட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த அம்மாள் உள்ளே போய் ஆள்காட்டி விரலை நீட்டி, கதவின் மேல்விளிம்பு, கட்டிலின் அடிச்சட்டம், குழாயின் பின்பக்கம் என்று மனிதர் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து இழுப்பாள். பிறகு விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "கண்ணுல விரலை விட்டு ஆட்டறதுன்னு சொல்வாங்களே, இவ அதுக்காகவே பொறந்தவ" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் வரும்போது சிரிப்பு போன இடம் தெரியாது.

ஒரு நாள் வராந்தாவில் விருந்தாளிகள் பெட்டியும் கையுமாக நின்றிருந்தார்கள். சக வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அலமாரியின் தலைமேல் இழுத்த விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த விரலம்மா, அந்த விரலை இவள் கன்னத்தில் தேய்த்தாள். அவசரமே இல்லாமல், விரலை இரண்டு பக்கமும் திருப்பித் துடைத்தாள். "உன் அழுக்கு, நீயே வெச்சுக்கோ" என்றாள். விருந்தாளிகளில் ஒருவர் திரும்பிக்கொண்டார். கூட இருந்த பெண்களில் இரண்டு பேர் பயத்தில் சிரித்தார்கள்.

இவள் என்ன செய்தாள்? உள்ளே போய் அந்த அலமாரியை மறுபடி துடைத்தாள். கன்னத்தைத் துடைக்க அன்றைக்குச் சாயங்காலம்தான் நேரம் கிடைத்தது. அந்த வேலையை விட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் முகம் கழுவும்போது வலது கன்னத்தில் கை போனால் வயிறு பற்றி எரியும். அந்த அம்மாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். பெரிதாக வேண்டாம், கை கால் போக வேண்டாம், வீடு இடிய வேண்டாம். நிம்மதியாக உட்கார விடாத ஒன்று போதும் என்று அவள் கறுவாத நாள் இல்லை.

இப்போது அந்த அம்மாள் தானாக வந்து நிற்கிறாள். தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். விரல் மட்டும் அப்படியே இருந்தது. கூட வந்த மகன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் யாரோ ஒரு பெண் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"புது வீடு. அலமாரி எல்லாம் அடிச்சாச்சு. கைப்பிடிதான் பாக்கி" என்றாள் விரலம்மா. சொல்லிவிட்டுக் கைப்பிடியக்காவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கன்னத்தில் அழுக்கைத் தேய்த்தவளுக்குக் கன்னம் ஞாபகம் இல்லை. அடையாளம் கண்டு, ஒரு வார்த்தை கேட்டு, கொஞ்சம் கூசியிருந்தால்கூட இவள் மனம் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மறதி எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றியது.

இத்தனைக்கும் அவள் கை முதலில் பழக்கதோஷத்தில் நல்லதைத்தான் எடுத்தது. மங்கலாகத் தேய்த்த எஃகில் ஒரு நீளக் கைப்பிடியை எடுத்து நீட்டினாள். "சமையலறைக்கு இது நல்லா இருக்கும், மேடம். கறை தெரியாது."

விரலம்மா அதைத் தொடக்கூட இல்லை. "கறை தெரியாதா? அழுக்கு இருந்தா தெரியணும்மா. தெரியாம இருக்கணும்னு சோம்பேறிதான் கேட்பா."

கைப்பிடியக்கா நீட்டிய கைப்பிடியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். தேடாமலே வழி திறந்துவிட்டது. எந்த வியாதி இந்த அம்மாளைப் பிடித்து ஆட்டுகிறதோ, அந்த வியாதிக்குத் தீனியைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கே அனுப்பிவைக்கலாம். காலையில் கண் விழித்தால் கைரேகை. பால் எடுக்கப் போனால் கைரேகை. துடைத்து முடித்துத் திரும்பினால் இன்னொன்று. உட்கார முடியாது, படுக்க முடியாது, சாகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருக்கட்டும்.

"அப்போ உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, மேடம்" என்றாள். அவள் குரலில் தேன் வழிந்தது.

கீழ்த்தட்டிலிருந்து முகம் தெரியும் கைப்பிடியின் பெட்டியை எடுத்தாள். கடைச் சீருடையின் பையிலிருந்து துணியை எடுத்து நாலாக மடித்து, மடிப்பின் விளிம்பால் கைப்பிடியை ஒரே இழுப்பில் துடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எஃகு கண்ணாடியாக மின்னியது. விரலம்மா வாங்கிப் பார்த்தாள். அதில் தன் முகத்தையே பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் இவள் துடைத்துவிட்டாள். மறுபடி அவள் வாங்கினாள், மறுபடி இவள் துடைத்தாள். ஐந்து விரலும் பதிந்த அச்சு அந்தக் கண்ணில் படவே கூடாது. அன்றைக்கு இவள் துடைத்த வேகத்தில் விடுதியில் துடைத்திருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

"சமையலறைக்கு மட்டும் போதுமா, மேடம்? படுக்கையறை, பூஜையறை, செருப்பு வைக்கிற அலமாரி எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் வீடு ஒரு ஒழுங்கா தெரியும். டிராயருக்கு இதே மெருகுல குமிழ் இருக்கு."

"எல்லாத்துக்கும் போடு" என்றாள் விரலம்மா. ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டால் அந்த அம்மாளுக்கு நாக்கில் சர்க்கரை பட்ட மாதிரி.

அப்போது பின்னால் நின்றிருந்த பெண் பையைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். "தொட்டா அச்சு விழுமே? ஈரக்கை பட்டா?"

கைப்பிடியக்கா அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கனிந்த நேரத்தில் காரியத்தைக் கெடுக்க வந்த குரல் அது. "துடைச்சாப் போயிடும்மா" என்றாள். "ஒரு நிமிஷ வேலை."

"கேட்டுக்கோ" என்றாள் விரலம்மா, யாரிடமோ.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தக் கைப்பிடியில் இரண்டு திருகாணிக்கும் நடுவில் இருக்கும் தூரம் மற்ற எதனோடும் ஒத்துப்போகாது. ஒரு தடவை கதவில் ஓட்டை போட்டு அதை மாட்டிவிட்டால், கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட முடியாது. பழைய ஓட்டை பல்லைக் காட்டும். கதவையே மாற்ற வேண்டியதுதான். மற்றவர்களிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்லுவாள். அன்றைக்கு அவள் வாயில் அது வரவில்லை, வர விடவுமில்லை. பெட்டிகளைக் கட்டிக் கீழே அனுப்பிவிட்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக அந்த வண்டி போவதைக் கடைசி வரை பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த நிம்மதியை என்ன சொல்வது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் நிற்கும்போது விரலம்மா முட்டி போட்டுக் கீழ் டிராயரின் குமிழைத் தேய்ப்பதை நினைத்துப் பார்ப்பாள். பாத்திரம் கழுவும்போது விரலம்மா நாற்காலி போட்டு ஏறிப் பரண் கதவின் கைப்பிடியைத் துடைப்பதை நினைத்துப் பார்ப்பாள். முதுகு வலிக்கட்டும், தோள்பட்டை இறங்கட்டும், துணி நாராகக் கிழியட்டும். "என்ன, தனியா சிரிச்சுக்கறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஒரு வியாபாரம் நல்லா முடிஞ்சுது" என்றாள். முகம் கழுவும்போது கன்னம் சும்மா கன்னமாகவே இருந்தது. பழிவாங்கினால் மனசு பாரமாகிவிடும் என்றெல்லாம் சொல்கிறவர்கள் ஒழுங்காகப் பழிவாங்கிப் பார்க்காதவர்கள் என்று அவள் நினைத்தாள்.

மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு நாள், அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். கீழே கேட்டிருக்கிறாள். கைப்பிடி சமாசாரம் என்றால் மேலே போங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்கா, கைப்பிடி துடைக்கற மருந்து ஏதாச்சும் இருக்கா? கையைப் புண்ணாக்காததா வேணும்."

அவள் விரல் நுனிகள் ஊறி வெளுத்து, ஓரம் ஓரமாக வெடித்திருந்தன. இரண்டு விரலில் பிளாஸ்திரி. கைப்பிடியக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

"எந்தக் கைப்பிடி?"

"முகம் தெரியுமே, அது. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. அத்தை கூட வந்தேனே, பையை வெச்சுக்கிட்டுப் பின்னாடி நின்னேன்."

அப்போதுதான் கைப்பிடியக்கா அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அச்சு விழுமே என்று கேட்ட குரல் இதுதான்.

"ஏன், உங்க அத்தை துடைக்க மாட்டாங்களா?"

மருமகள் சிரித்தேவிட்டாள். "அத்தையா? அவங்க என்னைக்குக்கா துணியைத் தொட்டிருக்காங்க? நான் துடைப்பேன், அவங்க பார்ப்பாங்க."

உலகத்தில் வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். அந்த விரலுக்குக் கீழே வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் செய்யலாமா? அது அழுக்கைத் தேடும், காட்டும், அடுத்தவர் கன்னத்தில் பூசும். ஒரு நாளாவது தானாக ஒரு துணியைப் பிடித்து அழுக்கை எடுத்ததுண்டா? பழிவாங்குகிற மும்முரத்தில், இந்த அம்மாள் தானே முட்டி போட்டுத் தேய்ப்பாள் என்று கனவு கண்டாளே, அதை என்ன சொல்வது. கைப்பிடியக்காவுக்குத் தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

மருமகளுக்குப் பேச ஆள் கிடைத்தது போலிருக்கிறது. தானாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

"வேலையிலேர்ந்து ரிட்டையர் ஆன பிறகு படுத்த படுக்கைதான்க்கா. சாப்பிட மாட்டாங்க, யார்கிட்டயும் பேச மாட்டாங்க. அன்னைக்குக் கடைக்கு வந்ததே இவர் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்ததுதான். இனிமே ரொம்ப நாள் தாங்காதுன்னு இவரே பயந்துட்டார். இந்தக் கைப்பிடி மாட்டின மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து குளிச்சுட்டு வந்து நிக்கறாங்க. ஒவ்வொரு கதவா பார்த்துட்டு வருவாங்க. இது யார் விரல், இதை ஏன் விட்டே, இந்தக் குமிழுக்குப் பின்பக்கம் யார் துடைப்பான்னு கேட்பாங்க. காலையில ஒரு சுத்து, மத்தியானம் ஒரு சுத்து, விளக்கு வெச்சதும் ஒரு சுத்து. இப்போ நல்லா சாப்பிடறாங்க, முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு. அம்மா பழையபடி ஆயிட்டாங்கன்னு இவருக்குச் சந்தோஷம் தாங்கல."

"நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"என்ன சொல்ல? ஏதாவது சொன்னா, 'துடைச்சாப் போயிடும்னு கடைக்காரியே சொன்னாளே, ஒரு நிமிஷ வேலைன்னாளே'ன்னு கேட்பாங்க."

எவளை உட்கார விடக் கூடாது என்று கைப்பிடியக்கா நினைத்தாளோ, அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள். சாட்டையையும் தன் வாயாலேயே செய்து கொடுத்திருக்கிறாள்.

"மாத்திடலாம்" என்றாள் அவசரமாக. "நான் பார்த்துக்கறேன். வேற கைப்பிடி நானே தர்றேன், நீங்க ஒண்ணும் கொடுக்க வேணாம்."

"தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டாச்சுக்கா. வேற எதுவும் அந்த ஓட்டையில உட்காராதாம். கதவையே மாத்தணுமாம்."

தச்சர் சொன்னது சரிதான். அது தன்னைவிட யாருக்குத் தெரியும். பத்து வருஷக் கோபம் முழுக்க ஒரே மூச்சில் தொண்டைக்கு ஏறியது. தோற்றுப் போவதாக இருந்தாலும், இந்தக் கைப்பிடியை வேண்டுமென்றே தலையில் கட்டியது யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்தாவது தொலையட்டும்.

"உங்க அத்தைகிட்ட போய்ச் சொல்லுங்க. அந்தக் கைப்பிடி சமையலறைக்கு ஆகாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். வேணும்னேதான் குடுத்தேன். அவங்களுக்குக் கீழ விடுதியில வேலை பார்த்தவ நான். எல்லார் முன்னாடியும் என் கன்னத்துல அழுக்கைத் தேய்ச்சாங்க. அதுக்குத்தான் குடுத்தேன்னு சொல்லுங்க."

மருமகள் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அவங்களுக்கு உங்களைத் தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அன்னைக்கு வண்டியில ஏறினதும் சொன்னாங்க. 'துணியை மடிச்சா பாரு, நாலா மடிச்சு விளிம்புல இழுத்தா பாரு, அது நான் பழக்கின கை. ஒரு தடவை கன்னத்துல வெச்சேன், ஜென்மத்துக்கும் மறக்கல'ன்னு ஒரே பெருமை. எப்பவும் உங்க பேச்சுதான். என்னையும் அப்படி ஆக்கிக் காட்டறேன்னு சொல்லிட்டிருக்காங்க."

அப்படியானால் விரலம்மாவுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மறக்கவில்லை. பார்த்திருக்கிறாள், கண்டுபிடித்திருக்கிறாள், வாயைத் திறக்காமல் நின்று இவள் துடைப்பதை ஒவ்வொரு தடவையும் ரசித்துவிட்டுப் போயிருக்கிறாள். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது அதற்குத்தானா? அவளைக் கொன்றால்கூடத் தீராது என்று தோன்றியது. அந்த வீட்டுக்குப் போய், ஒவ்வொரு கதவையும் பெயர்த்து எடுத்து அந்த அம்மாள் முன்னால் போட வேண்டும் என்று தோன்றியது.

மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்றதைக் கேளுங்க. துடைக்காதீங்க. ஒரே ஒரு நாள் துடைக்காம விடுங்க. கத்தட்டும், சுத்திச் சுத்தி வரட்டும், வயிறு எரியட்டும். என்னதான் பண்ணிடுவாங்க?"

மருமகள் அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். அவள் கேட்டபோது அதில் குத்தலோ கேலியோ இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க ஒரு நாளாவது துடைக்காம விட்டீங்களா, அக்கா?"

அந்த வராந்தா, அந்த விருந்தாளிகள், அந்த அலமாரி. கைப்பிடியக்கா அவள் மணிக்கட்டை விட்டாள்.

"இல்ல" என்றாள்.

மருமகள் தலையை ஆட்டினாள். "பரவால்லக்கா. அந்த மருந்தை எடுத்துக் குடுங்க. அவங்க தூங்கி எழறதுக்குள்ள நான் போகணும்."